3.0 சி.எஸ். வாங்கலாமா? இன்ஜினை விடுங்கள், முதலில் தகரத்தைப் பாருங்கள்

கேள்வி இதுதான். மியூனிக்கில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் 1973-ஆம் ஆண்டு பி.எம்.டபிள்யூ 3.0 சி.எஸ். கூப்பே (இரண்டு கதவு கார்) ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார். பல வருடங்களாக ஷெட்டில் நின்ற கார். இன்ஜின் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. "மட்கார்டில் நாலைந்து கொப்புளம் இருக்கிறது, பெயிண்ட் அடித்தால் சரியாகிவிடும்" என்கிறாராம் விற்பவர். நண்பருக்கு ஸ்பேனர் பிடிக்கத் தெரியும், வெல்டிங் தெரியாது. முதல் ப்ராஜெக்டாக இதை எடுக்கலாமா, எடுத்தால் இன்ஜினை முதலில் இறக்கவேண்டுமா என்று கேட்கிறார்.

இந்த மாடலைத் தாராளமாக எடுக்கலாம். இந்தக் குறிப்பிட்ட காரை எடுக்கலாமா என்பது நீங்கள் அதன் அடியில் படுத்துப் பார்த்த பிறகு தெரியவேண்டிய விஷயம். இன்ஜின் ஸ்டார்ட் ஆகவில்லை என்பதை நான் கணக்கிலேயே எடுக்கமாட்டேன். இந்தக் கார்களில் ஓடாத இன்ஜின் என்பது விலை பேசக் கிடைத்த சாக்கு, அவ்வளவுதான். மட்கார்டில் கொப்புளம் என்றாரே, அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

ஏன் என்று புரியக் கொஞ்சம் பின்கதை வேண்டும். 1965-இல் பி.எம்.டபிள்யூ 2000 சி, 2000 சி.எஸ். என்று நான்கு சிலிண்டர் கூப்பே ஒன்றை வெளியிட்டது. பின்பக்கம் பார்க்க லட்சணமாக இருக்கும், முன்முகம்தான் ஒட்டவே ஒட்டாது. 1968-இல் அதே காரின் மூக்கை நீட்டி, ஆறு சிலிண்டர் எம்30 இன்ஜினை உள்ளே உட்கார வைத்து, 2800 சி.எஸ். என்று கொண்டுவந்தார்கள். இ9 என்ற குறியீட்டில் அறியப்படும் வரிசை அங்கே தொடங்குகிறது. முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தூரம், அதாவது வீல்பேஸ், 2,550 மி.மீ.யிலிருந்து 2,625 ஆனது. அந்த 75 மி.மீ.யும் முன்பக்கமே போனதால்தான் காருக்கு அந்த நீண்ட பானெட்டும், நிற்கும்போதே பாயப்போவது போன்ற தோரணையும் வந்தன. அப்போது டிசைன் பொறுப்பில் இருந்தவர் வில்ஹெல்ம் ஹோஃப்மைஸ்டர். பின் ஜன்னலின் அடிமூலையில் கோடு முன்னோக்கி மடங்குமே, அது இன்றுவரை அவர் பெயரால்தான் அழைக்கப்படுகிறது.

1971-இல் 3.0 சி.எஸ். வந்தது: 2,986 சி.சி., இரண்டு ஜெனித் கார்புரேட்டர், 180 குதிரைத்திறன். கூடவே போஷ் டி-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷனோடு 200 குதிரைத்திறன் தரும் 3.0 சி.எஸ்.ஐ. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு 1974-இல் 2.5 சி.எஸ். என்று ஒரு சிக்கன மாடலும் எட்டிப்பார்த்தது. 1975-இல் எல்லாம் முடிந்தது. மொத்தத்தில் சுமார் 30,500 கார்கள். அத்தனைக்கும் பாடி கட்டியது பி.எம்.டபிள்யூ அல்ல, ஒஸ்னாப்ரூக்கைச் சேர்ந்த கார்மன். 1901-இல் தொடங்கி, எத்தனையோ கம்பெனிகளுக்குக் கூப்பேயும் கன்வர்டிபிளும் கட்டிக்கொடுத்து, 2009-இல் திவாலான நிறுவனம். அவர்கள் கைவேலை அருமையானது. பேனல்கள் சேரும் இடங்களில் வெல்டிங் செய்து, அதன் மேல் ஈயம் பூசி, இணைப்பே தெரியாமல் ராவிவிடுவார்கள். துருவைத் தடுக்கத்தான் யாரும் எதுவும் செய்யவில்லை. அன்றைக்கு ஐரோப்பாவில் பெரும்பாலான கார்களின் நிலை அதுதான். ஆனால் இந்தக் காரில் அது இரட்டிப்பாக உறைக்கிறது.

காரணம் அதன் அழகு. நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டுப் பக்கவாட்டில் பாருங்கள், நடுத்தூணே இருக்காது. முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடிவரை ஒரே திறப்பு. இதற்குப் பின் 1976-இல் வந்த 6 சீரிஸ் கூப்பேயில் பி.எம்.டபிள்யூ தூணை வைத்துவிட்டது. தூண் இல்லாத காரில் தூண் தாங்கவேண்டிய சுமையை யார் தாங்குவது? கதவுக்கு அடியில் நீளமாக ஓடும் சில் பேனலும், அதன் முன்னும் பின்னும் உள்ள தூண்களின் அடிப்பகுதியும்தான். சில் என்பது வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே ஒரு தடுப்புத் தகடு என்று மூன்று அடுக்கு கொண்ட மூடிய பெட்டி. உள்ளே காற்றோட்டம் கிடையாது, பெயிண்டும் சரியாகப் போய்ச் சேர்ந்ததில்லை. வெளித்தகடு பளபளவென்று இருக்கும்போதே நடுத்தகடு தூளாகிக் கொட்டியிருக்கும். சட்டம் உளுத்துப்போன கட்டில் பார்த்திருப்பீர்கள், மேலே மெத்தை விரித்தால் ஒன்றும் தெரியாது. அந்தக் கதைதான்.

இப்போது உங்கள் விற்பவர் சொன்ன மட்கார்டு. இந்தக் காரின் முன் மட்கார்டு போல்ட் போட்டுக் கழற்றி மாட்டுகிற வகை அல்ல, பாடியோடு வெல்டிங் செய்தது. முன்சக்கரம் வாரியடிக்கும் மண்ணும் சேறும் மட்கார்டின் பின்கோடியில், கதவுத் தூணுக்கு முன்னால் உள்ள இடுக்கில் போய் அடைகின்றன. மழைநீர் வடிய வேண்டிய வழியும் அதே பக்கம்தான். வழி அடைபட்டதும் அந்த மண் வருடம் முழுக்க ஈரமாகவே இருக்கும். ஜெர்மனியில் குளிர்காலத்தில் சாலையில் உப்புப் போடுகிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். துரு அங்கே உள்ளிருந்து தொடங்கி, தூணைத் தின்று, சில்லுக்குள் இறங்கி, கடைசியில்தான் வெளி மட்கார்டில் கொப்புளமாகத் தலைகாட்டும். வெளியே ஒரு ரூபாய் அளவுக்குக் கொப்புளம் தெரிகிறதென்றால் உள்ளே ஓர் உள்ளங்கை அளவு போயிருக்கும் என்று எடுத்துக்கொள்ளுங்கள். பெயிண்ட் அடித்தால் போய்விடும் என்பவர் விவரம் தெரியாதவராக இருக்கலாம், நன்றாகவே தெரிந்தவராகவும் இருக்கலாம்.

பார்க்கப் போகும்போது பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். நல்ல டார்ச், மெல்லிய காந்தம், மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் போதும். காந்தத்தை ஒரு துண்டு மெல்லிய துணியில் சுற்றி, மட்கார்டின் அடிக்கோடு, கதவின் அடிவிளிம்பு, பின்சக்கர வளைவு என்று மெதுவாக நகர்த்துங்கள். எங்கே பிடிக்காமல் வழுக்குகிறதோ அங்கே தகரம் இல்லை, பட்டி இருக்கிறது. ஒன்றைக் கவனியுங்கள்: மூக்கும் மட்கார்டும் சேரும் இடத்தில் காந்தம் பிடிக்காவிட்டால் உடனே பயப்படவேண்டாம். அது கார்மன் போட்ட ஈயமாக இருக்கலாம், அப்படி இருந்தால் நல்ல சகுனம். அந்தப் பேனலை யாரும் இதுவரை வெட்டவில்லை என்று பொருள்.

அடுத்து பானெட்டைத் திறந்து முன் ஷாக் அப்சார்பர் மேல்முனை உட்காரும் கோபுரத்தைப் பாருங்கள். மேலிருந்து மட்டும் பார்த்தால் போதாது, சக்கர வளைவுக்குள் கைவிட்டு அடியிலிருந்தும் தடவிப் பாருங்கள். அங்கே தகட்டின் மேல் தகடு ஒட்டியிருந்தால் ஏற்கெனவே ஒருமுறை ஒப்பேற்றியிருக்கிறார்கள். டிக்கியில் விரிப்பை எடுத்துவிட்டு ஸ்டெப்னி உட்காரும் குழியையும், பின் ஷாக் கோபுரங்களையும் பாருங்கள். உள்ளே தரைவிரிப்பைத் தூக்கி, கால் வைக்கும் இடத்தில் தரைத்தகடும் சில்லும் சேரும் மூலையை ஸ்க்ரூடிரைவரால் அழுத்துங்கள். முன் கண்ணாடியின் அடி ரப்பர் ஓரம் இன்னொரு இடம், அதில் துரு இருந்தால் தண்ணீர் நேராக டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்கும். சன்ரூஃப் இருந்தால் அதன் நான்கு வடிகுழாய்களும் சந்தேகத்துக்குரியவை.

கடைசியாக ஒரு சோதனை. கதவை மூடி, கதவுக்கும் பின் பேனலுக்கும் இடையே மேலிருந்து கீழ்வரை உள்ள இடைவெளியைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். பிறகு கார் ஜாக்கியை அதற்குரிய இடத்தில் வைத்து ஒரு பக்கத்தை மெல்லத் தூக்கச் சொல்லுங்கள். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி மாறினாலோ, கதவு திறக்க அடம்பிடித்தாலோ, சில் தன் வேலையைச் செய்யவில்லை. ஜாக்கி வைக்கும் இடமே நொறுங்கினால் மேற்கொண்டு சோதனையே வேண்டாம். ஜாக்கி வைக்க விற்பவர் சம்மதிக்காவிட்டாலும் பதில் கிடைத்துவிட்டது.

இங்கே பணத்தைப் பற்றிப் பேசிவிடுவது நல்லது. முழுமையாகத் துருப்பிடித்த இ9 ஒன்றின் பாடியை ஒழுங்காகத் திருப்பிக் கட்டுவது ஆயிரம் மணிநேர வேலை என்று சொன்னால் இந்தத் துறையில் யாரும் புருவத்தை உயர்த்தமாட்டார்கள். ஜெர்மனியில் நல்ல பட்டறை ஒன்று மணிக்கு வாங்கும் கூலியால் அதைப் பெருக்கிப் பாருங்கள். பெயிண்ட், குரோம், சீட், இன்ஜின் எல்லாம் சேர்ந்து ஒரு லட்சம் யூரோவைத் தாண்டுவது சர்வ சாதாரணம். அதனால்தான் அனுபவப்பட்டவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடுகிறார்கள்: மலிவான காரை வாங்காதே, தகரம் நன்றாக இருக்கும் காரைக் கூடுதல் விலை கொடுத்து வாங்கு. கலிஃபோர்னியா போன்ற வறண்ட இடத்தில் காலம் கழித்துத் திரும்பி வந்த காரில் டேஷ்போர்டு வெடித்திருக்கும், சீட் தோல் பாளம் பாளமாகப் பிளந்திருக்கும், ரப்பரெல்லாம் கல்லாகியிருக்கும். பரவாயில்லை. அவை எல்லாவற்றையும் கடையில் வாங்கலாம். ஒழுங்காக நிற்கும் கதவுத் தூணைக் கடையில் வாங்க முடியாது.

எந்த மாடல் என்றும் கேட்பீர்கள். 2800 சி.எஸ்.ஸின் பின்பகுதி பழைய 2000 சி.எஸ்.ஸிலிருந்து வந்தது, பின்சக்கரத்தில் டிரம் பிரேக்தான். 3.0 வந்தபோதுதான் நான்கு சக்கரத்துக்கும் டிஸ்க் ஆனது. ஓட்டுவதற்கு 3.0 சி.எஸ். அல்லது சி.எஸ்.ஐ. நல்லது, உங்கள் தேர்வில் குறையில்லை. சி.எஸ்.எல். என்று யாராவது ஒன்றைக் காட்டினால் மட்டும் இரண்டடி பின்னால் நில்லுங்கள். பந்தய விதிக்காகக் கட்டிய இலகுவான கார் அது. அலுமினியக் கதவு, அலுமினிய பானெட், மெல்லிய தகரம் என்று போட்டு எடையைச் சுமார் 200 கிலோ குறைத்தார்கள். கட்டியது 1,265 மட்டுமே. 1973-இல் ஐரோப்பிய டூரிங் கார் சாம்பியன்ஷிப்பை வென்றது, 1975-இல் அமெரிக்கச் சிற்பி அலெக்சாண்டர் கால்டர் வண்ணம் தீட்டி லெ மான் பந்தயத்தில் ஓடியது என்று அதற்குத் தனிப் புகழ் உண்டு. பந்தயத்துக்காக அதற்கு வந்த பெரிய பின் இறக்கை ஜெர்மன் சாலைக்குச் சட்டப்படி ஆகாது என்பதால் பொருத்தாமல் டிக்கியில் போட்டுக் கொடுத்தார்கள்! இத்தனை புகழ் இருப்பதால் சாதா சி.எஸ்.ஐ.யில் இறக்கையும் கோடும் ஒட்டி சி.எஸ்.எல். ஆக்கிய கார்கள் ஏராளம். சேசிஸ் எண்ணை பி.எம்.டபிள்யூவின் ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பினால் கார் எந்த மாடலாகப் பிறந்தது, எந்த நிறத்தில், எந்த நாளில், எந்த டீலருக்குப் போனது என்று எழுதித் தருவார்கள். எந்த மாடலாக இருந்தாலும் அந்தச் சான்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், பெயிண்ட் அடிக்கும் நாளில் தேவைப்படும்.

சரி, தகரம் தேறுகிறது, காரை வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். இன்ஜினை முதலில் இறக்குவதா என்ற கேள்விக்கு என் பதில்: இறக்குங்கள், ஆனால் பிரிக்காதீர்கள். ஒரு மூலையில் மூடி வையுங்கள். முதல் ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் பெரும்பாலும் இன்ஜினில் ஆரம்பிக்கிறார்கள், ஏனென்றால் அதுதான் சுவாரசியம். பளபளவென்று இன்ஜினைக் கட்டி முடித்து, பணமும் உற்சாகமும் தீர்ந்தபிறகு பாடியைத் திரும்பிப் பார்க்கும்போது மனசு விட்டுப்போகும். பாதியில் நின்று விற்பனைக்கு வரும் இ9களைக் கவனித்தால் தெரியும்: இன்ஜின் புதிது, குரோம் புதிது, சீட் புதிது, பாடி மட்டும் அப்படியே.

கழற்றும்போது ஒவ்வொரு ஸ்க்ரூவும் எங்கிருந்து வந்தது என்று படம் எடுத்து, தனித்தனிப் பையில் போட்டுப் பெயர் எழுதுங்கள். இது எல்லாரும் சொல்வதுதான். இந்தக் காருக்கென்று சொல்லவேண்டியது வேறு: கண்ணாடிகளையும் அவற்றைத் தாங்கும் தண்டவாளங்களையும் கழற்றும் முன் அவற்றின் இருப்பை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தூண் இல்லாததால் முன் ஜன்னல் கண்ணாடியின் பின்விளிம்பும் பின் ஜன்னல் கண்ணாடியின் முன்விளிம்பும் காற்றில் சந்திக்கின்றன, நடுவே ரப்பர் பீடிங் மட்டும். திரும்ப மாட்டும்போது இரண்டு மி.மீ. பிசகினால் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் விசில் ஊதும்.

வெல்டிங்குக்கு வருவோம். உங்களுக்குத் தெரியாது என்கிறீர்கள். தரைத்தகட்டில் பழகலாம், ஸ்டெப்னிக் குழியில் பழகலாம், சில்லிலும் தூணிலும் பழகக்கூடாது. அதை இந்தக் கார் தெரிந்த டிங்கரிடம் விடுங்கள். அவர் சரியானவரா என்று அறிய ஒரே கேள்வி போதும்: "சில்லை வெட்டுமுன் என்ன செய்வீர்கள்?" கதவுத் திறப்புக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்து வெல்டிங் செய்து இறுக்குவேன், முடிந்தால் பாடியை அளவுச் சட்டத்தில் ஏற்றுவேன், ஒரு பக்கம் முழுக்க முடித்த பிறகே மறுபக்கம் போவேன் என்று சொல்பவரிடம் சாவியைக் கொடுங்கள். குழாய் வைக்காமல் வெட்டினால் தூணில்லாத இந்தக் கூடு நடுவில் தொய்ந்துவிடும். அந்தத் தொய்வோடு புதுச் சில்லை வெல்டிங் செய்துவிட்டால் பிறகு எந்தக் கொம்பனாலும் கதவை நேராக உட்கார வைக்க முடியாது.

சில்லின் மூன்று அடுக்கையும் பார்த்தே மாற்றவேண்டும். வெளித்தகட்டை மட்டும் புதிதாகப் போர்த்துவது வியாபாரிகள் வேலை. முன் மட்கார்டை எடுத்தபின் தெரியும் தூணின் அடிப்பகுதியை, நல்ல தகரம் வரும்வரை வெட்டிக்கொண்டே போகவேண்டும். ஏதாவது ஓர் இடத்தில் துருப்பிடித்த தகட்டோடு புதுத் தகட்டைச் சேர்க்கத் தோன்றும், அங்கே கையைக் கட்டிப்போடுங்கள். கார்மன் எங்கெங்கே ஸ்பாட் வெல்டிங் செய்ததோ அங்கெல்லாம் புதுத் தகட்டில் துளையிட்டு, மிக் வெல்டிங்கால் அந்தத் துளையை நிரப்பினால் பார்க்கவும் பழையபடி இருக்கும், பலமும் கிடைக்கும். நீளவாக்கில் தொடர்ந்து வெல்டிங் ஓட்டினால் சூட்டில் தகரம் நெளியும். இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி வைக்கவேண்டும். வடிகால் துளைகளை மறந்தும் மூடிவிடாதீர்கள். பேனல்கள் ஓரளவு பி.எம்.டபிள்யூவின் பழைய கார் பிரிவான பி.எம்.டபிள்யூ கிளாசிக்கிடமே கிடைக்கின்றன, மீதி தனியார் உற்பத்தி. தனியார் பேனல் அச்சு அசலாகப் பொருந்தும் என்று நம்பி வெட்டவேண்டாம், முதலில் பழையதன் மேல் வைத்துப் பாருங்கள்.

பழைய பெயிண்ட்டை நீக்குவதில் இரண்டு கட்சி உண்டு. மணல் அடித்து உரிப்பது ஒன்று. அடியிலும் தூணிலும் அது நன்று, பானெட், கூரை போன்ற அகலமான தகட்டில் அடித்தால் சூட்டிலும் அடியிலும் தகரம் அலையலையாகிவிடும். முழுப் பாடியையும் ரசாயனத் தொட்டியில் முக்கி எடுப்பது இன்னொன்று. மூடிய பெட்டிகளின் உள்ளே இருக்கும் துருவும் கரைந்துவிடுவது அதன் சிறப்பு. முக்கிய பிறகு அதே பாடியை மின்சாரப் பிரைமர் தொட்டியிலும் முக்கினால்தான் அதற்கு அர்த்தம். இல்லாவிட்டால் அடுக்குத் தகடுகளின் இடையே தங்கிய ரசாயனம் இரண்டு வருடம் கழித்துப் புதுப் பெயிண்டைத் தள்ளிக்கொண்டு வெளியே கசியும். இரண்டுக்கும் சேர்த்துப் பணம் இருந்தால் நான் தொட்டிப் பக்கம்தான். இல்லையென்றால் கையால் உரிப்பதே மேல், நேரம்தான் போகும்.

பெயிண்டுக்கு முன்னால் ஒருமுறை காரை முழுக்க மாட்டிப் பார்க்கவேண்டும். கதவு, பானெட், டிக்கி மட்டுமல்ல, புது ரப்பர் பீடிங், கண்ணாடி, குரோம் பட்டைகள் எல்லாமே. புது ரப்பர் பழையதைவிடத் தடிமனாக இருக்கும், அது கதவை ஒரு மி.மீ. வெளியே தள்ளும். இதைப் பெயிண்டுக்குப் பிறகு கண்டுபிடித்தால் யாருடைய கழுத்தையாவது நெரிக்கத் தோன்றும். இணைப்புகளில் ஈயத்தைத் திரும்பப் பூசுவதா, பட்டி போதுமா என்பது ரசனை. தடித்த இடத்தில் ஈயமும் மேல்பூச்சுக்கு மெல்லிய பட்டியும் எனக்குப் பிடித்த வழி. ஈயம் வேலை செய்யும்போது முகமூடி கட்டாயம், தூள் உடம்புக்கு ஆகாது.

நிறத்தில் ஒரு வேண்டுகோள். பிறந்த நிறத்துக்கே திரும்புங்கள். போலாரிஸ் வெள்ளி எல்லாருக்கும் பிடிக்கும், அதனாலேயே தெருவுக்குத் தெரு அது நிற்கிறது. உங்கள் கார் டைகா பச்சையாகவோ, ஃபியோர்ட் நீலமாகவோ, மலாகா சிவப்பாகவோ பிறந்திருந்தால் அதை வெள்ளியில் மறைப்பது பாவம்.

பெயிண்ட் முடிந்து நன்றாகக் காய்ந்ததும் பெட்டிகளுக்குள் கொழுப்பு ஏற்றவேண்டும். ஜெர்மனியில் பழைய கார்க்காரர்கள் மைக் சாண்டர் என்ற பெயரில் விற்கும் துருத்தடுப்புக் கொழுப்பைப் பயன்படுத்துவார்கள். அறை வெப்பத்தில் மெழுகுபோல் இறுகியிருக்கும். நூறு டிகிரிக்கு மேல் காய்ச்சி, நீண்ட முனை கொண்ட துப்பாக்கியால் சில்லுக்குள்ளும் தூணுக்குள்ளும் பீய்ச்சினால் ஒவ்வோர் இடுக்கிலும் புகுந்து உறையும். கையில் பட்டால் கொப்பளித்துவிடும், தடித்த கையுறை இல்லாமல் தொடவேண்டாம். அடுத்த கோடையில் வெயிலில் நிறுத்தும்போது வடிகால் துளை வழியே சொட்டுச் சொட்டாக ஒழுகும். ஒழுகட்டும், உள்ளே இளகி இன்னும் பரவுகிறது என்று அர்த்தம். ஷெட் தரையில் அட்டை விரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது இன்ஜினை மூலையிலிருந்து எடுக்கலாம். எம்30, பி.எம்.டபிள்யூவின் இன்ஜின் பொறியாளர் அலெக்ஸ் ஃபான் ஃபால்கென்ஹவுசன் காலத்து வடிவமைப்பு. வார்ப்பிரும்பு பிளாக், அலுமினிய ஹெட், மேலே வால்வுகளைத் திறக்கும் ஒரு கேம்ஷாஃப்ட், முப்பது டிகிரி சாய்த்து உட்கார வைத்தது. எண்ணெயும் தண்ணீரும் ஒழுங்காக இருந்தால் அலுக்காமல் ஓடும். நீண்ட நாள் நின்றதைச் சாவி திருப்பிக் கிளப்பப் பார்க்காதீர்கள். பிளக்கைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, ஓரிரு நாள் ஊறவிட்டு, கையால் சுற்றுங்கள். பெட்ரோல் டேங்கை இறக்கி உள்ளே பாருங்கள். கம்பிளிப்பூச்சி நிறத்தில் ஒரு பிசின் இருந்தால் அது ஒருகாலத்தில் பெட்ரோல்.

வால்வு மூடியைத் திறந்தால் கேம்ஷாஃப்டின் மேலே ஒரு மெல்லிய குழாய் ஓடும், அது எண்ணெய் தெளிக்கும் குழாய். அதைப் பிடித்திருக்கும் நடுத்துளை போல்ட் காலப்போக்கில் தளரும். தளர்ந்தால் எண்ணெய் கேம்ஷாஃப்டுக்குப் போகாமல் பக்கத்தில் வழியும், கேமின் முனைகள் தேய்ந்து போகும். இந்த இன்ஜின் குடும்பத்தின் பிரசித்தமான கோளாறு இது, ஒரு ஸ்பேனரும் ஐந்து நிமிடமும் போதும் தடுக்க. இன்னொன்று சூடு. ஒருமுறை நன்றாகக் கொதித்த எம்30-இன் ஹெட்டில் விரிசல் இருக்க வாய்ப்பு அதிகம், அழுத்தச் சோதனை செய்யாமல் திரும்ப மாட்டாதீர்கள். ரேடியேட்டரையும் வாட்டர் பம்பையும் யோசிக்காமல் புதுப்பித்துவிடுங்கள்.

ஜெனித் கார்புரேட்டரைப் பலரும் திட்டுவார்கள், கழற்றி வீசிவிட்டு வெபர் கம்பெனி கார்புரேட்டரை மாட்டச் சொல்வார்கள். ஜெனித்தின் தொல்லை அதன் தானியங்கி சோக்கும், சூட்டில் வளைந்துபோகும் மூடியும். வளைந்ததைத் தேய்த்து மட்டமாக்கி, புது காஸ்கெட் போட்டு, தெரிந்த ஒருவர் இரண்டையும் ஒத்திசைவாக அமைத்தால் பஞ்சுபோல் ஓடும். வெபர் சுலபம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கழற்றிய ஜெனித்தை எக்காரணம் கொண்டும் விற்றுவிடாதீர்கள். உங்களுடையது சி.எஸ். என்பதால் டி-ஜெட்ரானிக் தலைவலி இல்லை. சி.எஸ்.ஐ.காரர்கள் யாராவது இதைப் படித்தால்: இன்ஜின் கருப்புப் புகை தள்ளி எரிபொருளை விழுங்கினால் முதலில் காற்றழுத்த சென்சாரைச் சந்தேகியுங்கள், உள்ளே இருக்கும் உலோகச் சவ்வு வயதானால் கிழியும். கம்ப்யூட்டர் பெட்டியை அநியாயமாகக் குறைசொல்லாதீர்கள்.

பிரேக், புஷ், ஹோஸ், டயர் எல்லாம் புதிது. இதில் யோசிக்க ஒன்றுமில்லை. பெட்ரோலில் பத்து சதவீத எத்தனால் கலந்த இ10 இந்தக் காருக்கு வேண்டாம், பழைய ரப்பர் குழாய்களை அது தின்றுவிடும்.

உள்ளலங்காரத்தில் நான் கஞ்சன். மரப்பட்டை வைத்த டேஷ்போர்டில் வார்னிஷ் வெடித்திருந்தால் மெருகேற்றலாம். சீட் துணி நைந்திருந்தாலும் கிழியாமல் இருந்தால் அப்படியே விடுங்கள். ஐம்பது வருடத்துக் கார் ஐம்பது வருடத்துக் கார்போல் மணக்கட்டும். குரோம் பட்டைகளையும் சின்னச் சின்ன அலங்காரத் துண்டுகளையும் மட்டும் காரை வாங்கும்போதே எண்ணிப் பாருங்கள், எது இல்லை என்று. தொலைந்த துண்டு ஒன்றைத் தேடுவதிலேயே ஒரு வருடம் ஓடிவிடும். அக்டோபரில் மன்ஹைமில் நடக்கும் வெட்டராமா பழைய உதிரிபாகச் சந்தைக்கு ஒருமுறையாவது போய்வாருங்கள். விடியற்காலையிலேயே போனால்தான் நல்ல சாமான் கிடைக்கும், மத்தியானம் போனால் பிராட்வுர்ஸ்ட் என்ற வறுத்த சாசேஜ்தான் கிடைக்கும். இதே இன்ஜினைப் பகிர்ந்துகொண்ட இ3 செடானின் பாகங்கள் பல இதற்கும் பொருந்தும், அவை விலை குறைவு.

பதிவு விஷயம் உங்களுக்குச் சாதகமாகவே இருக்கிறது. முப்பது வருடம் தாண்டிய, அசல் நிலையில் உள்ள கார் என்று வாகனச் சோதனை அமைப்புகளான டி.யு.வி. அல்லது டெக்ராவின் நிபுணர் சான்று தந்தால் நம்பர் பிளேட்டின் கடைசியில் 'எச்' எழுத்து கிடைக்கும். வருட வரி ஒரே தொகை, 191.73 யூரோ. புகையைச் சுத்தம் செய்யும் வினையூக்கி இல்லாத மூன்று லிட்டர் காருக்குச் சாதாரணக் கணக்கில் 700 யூரோவைத் தாண்டும். மியூனிக் நகருக்குள் இருக்கும் சுற்றுச்சூழல் மண்டலத்திலும் தடையின்றி நுழையலாம். மாற்றங்கள் செய்திருந்தால், அவை கார் வந்த முதல் பத்து ஆண்டுகளுக்குள் செய்யக்கூடியவையாக இருந்தனவா என்று பார்ப்பார்கள். கெட்ராக் கம்பெனியின் ஐந்து கியர் பாக்ஸ் போட ஆசைப்படுபவர்கள் அதை மனதில் வைத்தே பாகம் தேடவேண்டும். ஆட்டோபானில் அந்த ஐந்தாவது கியர் காதுக்கு எவ்வளவு நிம்மதி என்பது வேறு விஷயம். ஒவ்வொரு கட்டத்திலும் வேலையைப் படம் எடுத்து வைத்தால் சான்று வாங்கவும், மதிப்பீட்டுத் தொகையில் காப்பீடு எடுக்கவும், பின்னாளில் விற்கவும் உதவும். சில்லின் நடுத்தகடு புதிது என்பதை அதை மூடிய பிறகு யாருக்கும் வேறு வழியில் காட்ட முடியாது.

உங்கள் காருக்குத் திரும்புவோம். விற்பவரிடம் மூன்று படம் கேளுங்கள்: முன்சக்கரத்தைக் கழற்றி, மட்கார்டின் பின்கோடியை உள்ளிருந்து எடுத்தது, தரைவிரிப்பைத் தூக்கி ஓட்டுநர் பக்கத்துச் சில் மூலை, டிக்கியில் ஸ்டெப்னிக் குழி. சேசிஸ் எண் தகட்டின் படமும் இருந்தால் நல்லது. அனுப்பினால் அவற்றை இங்கே போடுங்கள், என் கண்ணுக்குத் தெரிவதைச் சொல்கிறேன். அதுவரை முன்பணம் எதுவும் கொடுக்கவேண்டாம்.